‘அங்கே பாராதே’

பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சு: இந்த முறை பிள்ளைகளுக்குக் கொழும்பைக் காட்டவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் புறப்படுகின்றன. சாப்பாட்டுப் பொதி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை இவற்றோடு பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலும் தயாராகிவிடுகிறது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூதனசாலை, 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், மாலையில் காலிமுகத்திடல், திரும்புவதற்கு முன் புறக்கோட்டையில் துணிமணி. எல்லாம் இரண்டு நாளுக்குள் முடியவேண்டும்.

இத்தகைய பயணங்கள் நல்லவை. 1990ஆம் ஆண்டுக்கும் 2014ஆம் ஆண்டுக்கும் இடையில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே ஓடவில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்து இன்று பெற்றோராகியிருப்பவர்கள், தாம் காணாததைத் தம் பிள்ளைகள் காணவேண்டும் என்று விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் பெருநகரத்துக்குச் செல்லும் பிள்ளை, நம் பட்டியலில் இல்லாத ஒன்றையும் பார்க்கிறது. அதைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீற்றர். கோட்டை புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பெரியவர்களாகிய நாம் பார்ப்பது கட்டடங்களையும் பெயர்ப்பலகைகளையும் பஸ் வண்டிகளின் இலக்கங்களையுமே. பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் தெரிபவை முழங்கால்களும் கைப்பைகளும் பயணப் பொதிகளும். இவற்றுக்கிடையே பிள்ளையின் முகத்துக்கு நேரே வருகின்ற முகம், நடைபாதையில் இருப்பவரின் முகம். செருப்புத் தைப்பவர், சில்லறைச் சாமான்களை நிலத்தில் விரித்து விற்பவர், காலை இழந்து கைநீட்டியிருப்பவர், மட்டையை விரித்து அதில் உறங்குபவர். நமக்குக் கீழே இருக்கும் இவர்கள் பிள்ளைக்கு எதிரே இருக்கிறார்கள். ஆகவே நாம் காணாதவர்களைப் பிள்ளை காண்கிறது. கண்டதும் நின்றுவிடுகிறது, நின்றதும் கேட்கிறது.

“அம்மா, உந்த ஐயா ஏன் நிலத்தில படுத்திருக்கிறார்? அவருக்கு வீடு இல்லையோ?”

“அங்க பாக்காதை. கெதியா வா.”

தாயோ தந்தையோ இப்படிச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பதை எந்த நாளும் அந்தத் தெருக்களில் கேட்கலாம். சொல்பவர் கொடியவர் அல்லர். தம் பிள்ளைக்காக உயிரையும் கொடுக்கக் கூடியவர். ஆயினும் அந்த ஒரு வார்த்தை சரியானதா? பெற்றோர் பிள்ளையிடம் சொல்லத் தகுந்ததா? சிறிய விடயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி உண்மையில் சிறியதன்று.

முதலில், நாம் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று பார்ப்போம். பிஞ்சு மனம் கலங்கக் கூடாது என்ற இரக்கம் ஒரு காரணம். பிள்ளை உரத்துக் கேட்டது அந்த மனிதரின் காதில் விழுந்திருக்குமே என்ற கூச்சம் இன்னொன்று. கேள்விக்கு விடை நமக்கே தெரியாமை மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக அவசரம். பதினொரு மணிக்குள் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்ச் சேரவேண்டும். பஸ் புறப்படப் போகிறது. நின்று விடை சொல்ல நேரமில்லை.

பெருநகரத்தில் வாழ்பவர்கள் ஏன் பிறரைக் கவனியாமற் போகிறார்கள் என்பதை ஜேர்மனியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் 1903ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். நகரத்தில் ஒரு நாளில் கண்ணிலும் காதிலும் மோதுகின்றவை அளவிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் உள்ளம் அசைந்துகொடுத்தால் மனிதன் நிலைகுலைந்து போவான். ஆகவே நகரத்தவன் தன்னைச் சுற்றி ஒரு கவசத்தை வளர்த்துக்கொள்கிறான். எதுவும் தன்னைத் தொடாதவாறு நடக்கப் பழகிக்கொள்கிறான். இதுவே அவருடைய கருத்தின் சாரம். இதை நாம் முற்றாகக் குறைகூற முடியாது. ஆண்டு முழுவதும் புறக்கோட்டைக்குள் வேலைக்குப் போய்வரும் ஒருவர், வழியில் காணும் ஒவ்வொருவருக்காகவும் நின்றால் வேலைத்தலத்தைச் சென்றடைய மாட்டார்.

ஆனால் நம் பிள்ளைக்கு அந்தக் கவசம் இன்னும் முளைக்கவில்லை. இரண்டு நாள் பார்க்கவந்த பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. ‘பாராதே’ என்று சொல்லும்போது, நகரவாசி பல ஆண்டுகளிற் பெறுவதை நாம் ஒரே காலைப்பொழுதில் பிள்ளைக்கு அணிவித்துவிடுகிறோம். கோபுரத்தின் உயரமும் நூதனசாலையின் சிம்மாசனமும் ஒரு மாதத்தில் மறந்துபோகலாம். பார்க்கக் கூடாத மனிதரும் உண்டு என்ற பாடம் அப்படி மறக்காது. ஏனெனில் அதைச் சொன்னவர் அந்நியர் அல்லர். பிள்ளை முழுமையாக நம்புகின்ற அம்மா, அப்பா.

அவசரம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1973ஆம் ஆண்டில் டார்லி, பாட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பிறின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணவர் நாற்பது பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் ஒரு சிறு உரை ஆற்றவேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒரு மனிதர் வாசலோரம் சாய்ந்து, இருமியபடி, முனகியபடி கிடந்தார். அவர் ஆய்வாளர்களால் அங்கே இருத்தப்பட்டவர் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. அவசரம் இல்லாமற் சென்றவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதாவது ஒருவகையில் உதவ முன்வந்தனர். பிந்திவிட்டது, ஓடுங்கள் என்று துரத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேரே உதவினர். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவரும் கூட விழுந்துகிடந்தவரைத் தாண்டிச் சென்றதுண்டு. கையிலிருந்த தலைப்பு அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. கடிகாரம் அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று.

குருத்துவக் கல்லூரியிற் படித்த எவரையும் இந்தச் செய்தி சற்றுத் தலைகுனிய வைக்கும். ஆனால் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. தாண்டிச் சென்றவர்கள் கல்நெஞ்சர் அல்லர், நேரமில்லாதவர்கள். ஆகவே பிள்ளையின் இரக்கத்தைக் காக்க விரும்பும் பெற்றோர் முதலில் செய்யவேண்டியது பிரசங்கம் அல்ல, பட்டியலைக் குறைப்பது. ஐந்து இடங்களுக்குப் பதிலாக மூன்று இடங்கள். மிஞ்சும் நேரம் வீணான நேரமல்ல. பிள்ளை நிற்குமிடத்தில் நாமும் நிற்பதற்கான நேரம் அது.

நிற்க, இதே கேள்வியை மறுபுறமாகவும் பார்க்கவேண்டும். சனநெரிசலில் கைநழுவிப் போகும் பிள்ளைகள் உண்டு. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையே யாராவது ஒருவர் நின்று பார்க்கமாட்டாரா என்று ஏங்கும் ஆளாகிவிடும். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் தெருவில் நின்று, போவோரிடம் தாம் வழிதவறிவிட்டதாகவும் வீட்டுக்குத் தொலைபேசியில் அறிவிக்கும்படியும் கேட்டார்கள். நியூயோர்க், சிக்காகோ, பொஸ்டன், பிலடெல்பியா ஆகிய பெருநகரங்களில் உதவியவர்கள் பாதிக்கும் குறைவு. நூற்றுக்கு 46 பேர். சிறிய ஊர்களில் நூற்றுக்கு 72 பேர் உதவினர். சிறு பிள்ளைக்கும் இரங்காமல் அத்தனை பேர் நடந்துபோனது எப்படி? அவர்களும் ஒரு காலத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த பிள்ளைகளே. எங்கோ ஓரிடத்தில் பாராதிருக்கப் பழகிக்கொண்டார்கள்.

நம் பிள்ளை தொலைந்தால் ஊரார் எல்லோரும் பார்க்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஊராரை நம் பிள்ளை பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒருங்கே பொருந்துமா?

பெருநகரத்தில் தொலைந்த ஒரு பிள்ளையின் வரலாறு நாம் எல்லோரும் அறிந்ததே. பாஸ்காத் திருவிழாவுக்கு எருசலேம் சென்ற குடும்பம் திரும்பும் வழியில், பன்னிரண்டு வயது மகன் உறவினரோடு வருகிறான் என்று எண்ணி ஒரு நாள் தூரம் நடந்துவிட்டது. பின்னர் திரும்பிச் சென்று தேடி, மூன்று நாட்களுக்குப் பின்னர் ஆலயத்தில் கண்டுகொண்டது. லூக்கா எழுதிய இந்நிகழ்ச்சியில் நாம் அதிகம் கவனிக்காதவர்கள் அந்தப் போதகர்கள். திருவிழா முடிந்த நகரத்தில், கலிலேயாவிலிருந்து வந்த யாரோ ஒரு பையனை நடுவில் இருக்கவிட்டு, அவன் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் காதுகொடுத்தார்கள். போ, போய் உன் வீட்டாரைத் தேடு என்று துரத்தவில்லை. அந்நியப் பிள்ளையின் கேள்விக்கு நேரம் ஒதுக்கிய பெரியவர்கள் அந்தப் பெருநகரத்தில் இருந்தார்கள். நம் பிள்ளையின் கேள்விக்கு நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு?

நமது மக்களைப் பொறுத்தவரை ‘பாராதே’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேரும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. 1983 ஜூலைக்குப் பின்னர் பல ஆண்டுகளாகக் கொழும்பு நமக்குப் பயத்தின் நகரமாக இருந்தது. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு என்று ஒவ்வோர் அடியும் கணக்கிடப்பட்டது. 2007 ஜூன் மாதத்தில், விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ் வண்டிகளில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டனர். பின்னர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. அந்தக் காலத்தில் “யாரையும் பாக்காதை, பஸ்ஸில தமிழிலை கதையாதை, தலையைக் குனிஞ்சு கொண்டு வா” என்று பிள்ளைக்குச் சொன்ன தாய் அதன் உயிரைக் காத்தாள். அவளை எவரும் குறைகூற முடியாது.

அந்தப் பிள்ளைகளே இன்றைய பெற்றோர். போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. பயம் அவ்வளவு இலகுவில் முடிவதில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைத் திருத்தலத்திலேயே குண்டு வெடித்ததைக் கண்ட நாம், நகரத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? ஆயினும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஆயுதம் தாங்கியவனுக்கு அஞ்சிக் கண்ணைத் தாழ்த்திய பழக்கத்தை, கைநீட்டி இருக்கும் முதியவருக்கு முன்னாலும் தொடர்வது சரியா? ஒரு காலத்தில் நம்மைப் பார்த்தும் பாராமற் போனவர்களால் எத்தனை வேதனைப்பட்டோம்! பாராமுகத்தின் வலி அறிந்த மக்கள் தம் பிள்ளைக்குப் பாராமுகம் பழக்கலாமா?

இங்கே சிலர் மறுப்புக் கூறுவார்கள். அவர்கள் கூறுவதிலும் நியாயம் உண்டு.

‘நான்கு வயதுப் பிள்ளைக்கு உலகத்தின் துன்பத்தையெல்லாம் காட்டவேண்டுமா?’ என்பது முதல் மறுப்பு. வேண்டாம். வலிந்து காட்டுவது வேறு. பிள்ளை தானாகக் கண்டு கேட்டதை மறுப்பது வேறு. துன்பத்தைக் கண்டதால் மட்டுமே பிள்ளை கலங்குவதில்லை. கண்டதைக் கேட்டபோது பெரியவர் முகம் மாறி, குரல் கடுத்து, கையை இழுத்ததாலும் கலங்குகிறது. ஏதோ பயங்கரமான ஒன்றைக் கண்டுவிட்டதாக அது எண்ணிக்கொள்கிறது. அமைதியான குரலில் சொல்லும் இரண்டு வசனம் பிள்ளையின் மனதை ஆற்றும்.

‘கை நீட்டுபவர் எல்லோரும் உண்மையில் வறியவரா? இதை ஒரு தொழிலாக நடத்துபவர்களும் இருக்கிறார்களே’ என்பது இரண்டாவது மறுப்பு. இருக்கலாம். ஆனால் நாம் இங்கே கேட்பது பணம் கொடுப்பதைப் பற்றியன்று. கொடுப்பதும் கொடாததும் அவரவர் நிலையையும் விவேகத்தையும் பொறுத்தது. பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை. சொல்லப்போனால், ஓடுகின்ற அவசரத்தில் முகத்தைப் பாராமலே ஒரு நாணயத்தை எறிந்துவிட்டுப் போவதும் ‘பாராதே’ என்பதன் இன்னொரு வடிவமே. மேலும், சிறு பிள்ளையை வைத்துப் பிச்சை எடுப்பவரைக் கண்டால், காசு கொடுப்பது அந்தப் பிள்ளையை மறுநாளும் அதே வெயிலில் நிறுத்தவே உதவும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இதற்காகவே இருக்கிறது. அதை அழைப்பதற்கும் முதலில் அந்தப் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும்.

‘அந்நியரோடு பழகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தானே வேண்டும்?’ என்பது மூன்றாவது மறுப்பு. கட்டாயம் சொல்லவேண்டும். தனியே எவரோடும் போகாதே, எவர் தந்ததையும் எங்களைக் கேளாமல் வாங்காதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெயர், ஊர், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை மூன்று மொழிகளிலும் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். கைநழுவிப் போனால் சீருடை அணிந்த காவலரிடமோ, பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயிடமோ போய்ச் சொல்லப் பழக்குங்கள். ஆனால் இவற்றைச் செய்வதற்குப் பிள்ளை மனிதரின் முகத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். குனிந்த தலையோடு நடக்கப் பழகிய பிள்ளை யாரிடம் உதவி கேட்பதென்று எப்படி அறியும்? எச்சரிக்கை உள்ள பிள்ளைக்கும் கண் வேண்டும்.

அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். “அவருக்கு இருக்க வீடு இல்லைப் போல, ராசா. அதுதான் இங்க படுத்திருக்கிறார். ஏனெண்டு அம்மாக்கும் சரியாத் தெரியேல்லை.” இவ்வளவு போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் பெற்றோரின் மதிப்புக் குறையாது. ‘படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் இருப்பாய்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மனிதரின் துயரத்தை நம் பிள்ளையின் பாடக் கொப்பிக்குப் பிரம்பாக்குவது அது. அதோடு பொய்யும் ஆகும். படித்தவரும் உழைத்தவரும் நோயாலும் போராலும் பிள்ளைகளின் கைவிடலாலும் தெருவுக்கு வந்ததுண்டு.

இன்னொன்று. நம் தாய்மொழி மனிதரை உயர்திணை என்றும், மற்றவற்றை அஃறிணை என்றும் வகுத்து வைத்திருக்கிறது. பிள்ளை ‘அந்த ஐயா’ என்று கேட்கிறது. நாமோ சில வேளைகளில் ‘அது பிச்சைக்காரன்’ என்று விடை சொல்கிறோம். பிள்ளை உயர்திணையில் கேட்டதை நாம் அஃறிணையில் மாற்றிவிடுகிறோம். இலக்கணப் பிழை என்றால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார். இந்தப் பிழையைத் திருத்துவது யார்? ‘அவர்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் பிள்ளை கற்றுக்கொள்வது நூதனசாலையிற் கற்பதிலும் குறைந்ததன்று.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆள்பதியாக இருந்த சேர் ஹென்றி வோர்ட் அந்த நடைபாதையை 1859ஆம் ஆண்டில் முடித்தபோது, கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைக்கும் வாசகத்தை அதிற் பொறித்து வைத்தார். அவர் மனதில் இருந்த சிறுவர்கள் யார் என்று நாம் ஊகிக்கலாம். குதிரை வண்டியில் வந்தவர்களாக இருக்கும். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1841ஆம் ஆண்டில், அதே ஆட்சி தெருவில் அலைவதையும் பிச்சை எடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் செய்திருந்தது. சிறுவர் காற்று வாங்க ஒரு வெளி. ஏழைகள் கண்ணிற் படாதிருக்க ஒரு சட்டம். நகரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. எதைப் பார்ப்பது, எதைப் பாராதிருப்பது என்று நமக்காக யாரோ முன்னரே தீர்மானித்துவிடுகிறார்கள்.

இன்று அந்தத் திடலில் எவரும் காற்று வாங்கலாம். பட்டம் விடும் பிள்ளையும், இறால் வடை விற்கும் தகப்பனோடு வந்து வண்டிலுக்கு அருகில் உறங்கும் பிள்ளையும் ஒரே கடற்காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அதைத் தடுக்காதீர்கள்.

அன்பான பெற்றோரே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்வாருங்கள். யானையையும் கோபுரத்தையும் கடலையும் காட்டுங்கள். நாம் காட்டுவதைப் பிள்ளை பார்க்கட்டும். பிள்ளை காட்டுவதை நாமும் ஒருமுறை குனிந்து பார்ப்போம். அது கைநீட்டிக் காட்டும் இடத்தில் ஒரு மனிதர் இருப்பார். அவருக்கு நம்மால் எதுவும் செய்ய இயலாமற் போகலாம். வீட்டுக்கு வந்து இரவுச் செபத்தின்போது, “அந்த ஐயாவுக்காகவும்” என்று பிள்ளை சேர்த்துச் சொன்னால், அதைத் தடுக்காமல் ‘ஆமென்’ என்று சொல்வதாவது நம்மால் இயலும்.